கலிபோர்னியா பிரைமரி: தடுப்பூசிச் சட்டத்தை மனதில் வைத்து வாக்களிப்பது எப்படி?

2014 டிசம்பரில் டிஸ்னிலேண்டில் தட்டம்மை பரவியபோது என் மகளுக்கு எட்டு மாதம். தட்டம்மைத் தடுப்பூசியின் முதல் தவணையை வழக்கமாக ஒரு வயது நிறைந்த பிறகே போடுவார்கள். அதுவரை சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொண்ட ஊசிதான் அவளுக்குக் காப்பு. குடியுரிமை பெற்று பிரைமரியில், அதாவது நவம்பர் தேர்தலுக்கு முன் நடக்கும் முதற்கட்டத் தேர்தலில், முதன்முறை வாக்களிக்கப்போகிறவர்களுக்காக, அன்றிலிருந்து நான் செய்துவருவதை எழுதுகிறேன்.

1. பதிவு. தேர்தலுக்கு 15 நாட்களுக்கு முன்பே பெயரைப் பதிந்துவிடுங்கள். வாக்குச்சீட்டு வீட்டுக்கே தபாலில் வரும்.

2. எந்தப் பதவி? பள்ளியில் சேர எந்த ஊசி கட்டாயம் என்பதை மாநிலமே முடிவு செய்கிறது. தடுப்பூசியைக் கட்டாயமாக்கும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு என்று 1905-இல் ஜேக்கப்சன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே அசெம்பிளி, மாநில செனட் (இவை இரண்டும் மாநிலச் சட்டமன்றத்தின் அவைகள்), ஆளுநர் ஆகிய மூன்று பதவிகளை முதலில் பாருங்கள். இங்கே ஆளுநரும் மக்கள் தேர்ந்தெடுப்பவர்தான்; மசோதாவை அவர் நிராகரிக்கவும் முடியும்.

3. முதல் இருவர். இந்தப் பதவிகளுக்கு எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே பட்டியலில் இருப்பார்கள். அதிக வாக்கு பெறும் இருவர் மட்டும், ஒரே கட்சியினராக இருந்தாலும், நவம்பருக்குப் போவார்கள். நமக்குப் பிடித்தவர் மூன்றாவதாக வந்தால் நவம்பரில் அவர் பெயரே இருக்காது. பிரைமரிதானே என்று விட்டுவிடாதீர்கள்.

4. பழைய வாக்கைத் தேடுங்கள். அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. மாநிலச் சட்டமன்ற இணையதளத்தில் எஸ்பி 277 (SB, அதாவது செனட் மசோதா) என்று தேடுங்கள். குழந்தை மருத்துவரான செனட்டர் ரிச்சர்ட் பேன் இணைந்து கொண்டுவந்து, 2015-இல் அப்போதைய ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்ட சட்டம் அது; சொந்த நம்பிக்கையைக் காரணம் காட்டிப் பள்ளித் தடுப்பூசிக்கு விலக்குப் பெறுவதை நிறுத்தியது. மருத்துவ விலக்குகளை இறுக்கிய 2019-இன் எஸ்பி 276-ஐயும் பாருங்கள். யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்று பெயர் பெயராக இருக்கும். மூன்றாவதாக, வாக்குப் பதியாதவர்கள் என்றும் ஒரு வரி உண்டு. அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இத்தகைய மசோதா நிறைவேற அசெம்பிளியின் 80 பேரில் 41, செனட்டின் 40 பேரில் 21 ஆதரவு வாக்குகள் வேண்டும்; வந்தவர்களில் பெரும்பான்மை போதாது. ஆகவே வாக்களிக்காமல் இருப்பதும் எதிர்த்து வாக்களிப்பதும் கணக்கில் ஒன்றுதான். குழுக்களில் நடந்த வாக்கெடுப்பையும் படியுங்கள். பல மசோதாக்களின் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது.

5. புதியவர் என்றால் கேளுங்கள். “தடுப்பூசி பற்றி என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்டால் நழுவிவிடுவார்கள். “சொந்த நம்பிக்கை விலக்கை மீண்டும் கொண்டுவரும் மசோதாவை ஆதரிப்பீர்களா?” என்று மின்னஞ்சலில் கேளுங்கள். ஒரு சொல்லில் பதில் சொல்ல முடிகிற கேள்வி இது. மழுப்பினால் நான் அவருக்கு வாக்களிப்பதில்லை.

6. உறை. வட்டத்தைக் கறுப்பு அல்லது நீல மையால் முழுமையாக நிரப்புங்கள். உறையின் மேல் கையெழுத்தும் தேதியும் வேண்டும். கோப்பில் உள்ள கையெழுத்தோடு அதை ஒப்பிடுவார்கள். பதிவின்போது தமிழில் போட்டிருந்தால் இங்கும் தமிழிலேயே போடுங்கள். தேர்தல் நாளுக்குள் தபால் முத்திரை விழ வேண்டும், தபால்தலை தேவையில்லை. கடைசி நாள் என்றால் தபாலை நம்பாமல், கவுண்டியின் வாக்குப் பெட்டியில் நீங்களே போட்டுவிடுங்கள்.