கூரைக்குள் வௌவால்: கொல்லாமல் வெளியேற்ற

அந்தி சாயும்போது வெளியே நின்று, வௌவால்கள் எந்த இடுக்கிலிருந்து கிளம்புகின்றன என்று பாருங்கள். 1 செ.மீ. சந்தே அவற்றுக்குப் போதும். அந்த வழியை மட்டும் விட்டு மற்றவற்றை அடைத்துவிடுங்கள்.

விட்ட வழியின்மேல் வலை: மேலேயும் இரு பக்கமும் இறுக்கி, அடிப்பக்கம் திறந்தபடி, துளைக்குக் கீழே 60 செ.மீ. வரை தளர்வாகத் தொங்க வேண்டும். வலைக்கண் 4 மி.மீ.க்கு மேல் பெரிதானால் வௌவால் சிக்கிக்கொள்ளும். உள்ளிருப்பது ஊர்ந்து இறங்கிப் பறந்துவிடும். திரும்பி வரும்போது பழைய துளையருகே முட்டிப் பார்க்குமே தவிர, அடிவழியாக ஏறாது. ஒரு வாரம் விடுங்கள். மழை இரவுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அன்று பல கிளம்பாது. பிறகு வலையைக் கழற்றித் துளையை அடையுங்கள்.

குட்டிகள் பறக்கப் பழகாத மாதங்களில் இதைத் தொடவே கூடாது: தாய் வெளியே, குட்டி உள்ளே பட்டினி. பாச்சை உருண்டை போட்டு விரட்டலாமா? வீண் செலவு.