பீடோங்கிலிருந்து பெரார் பள்ளத்தாக்குக்கு

பிரான்சின் ஷாமொனிக்குப் பனிச்சறுக்கப் போகிற நம்மவர்கள் எல்லாரும் வலே பிளான்ஷ் பற்றித்தான் கேட்கிறார்கள். 3,842 மீட்டர் உயரமுள்ள எகுய் து மிதிக்கு கேபிள் காரில் போய், பனியாற்றின்மேல் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் இறங்கும் வழி அது. அழகுதான், ஆனால் கூட்டம். நான் பரிந்துரைப்பது எதிர்ப்புறத்து எகுய் ரூழ் மலைத்தொடரை. குரோஷு கணவாய் ஏறி, பெரார் கணவாய் கடந்து, பெரார் பள்ளத்தாக்கு வழியே ல புவே ரயில் நிலையத்துக்கு இறங்கும் வழி. கடினமானவை என்று குறிக்கப்பட்ட சிவப்புத் தடங்களில் எந்தப் பனியிலும் தடுமாறாமல் சறுக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே இது. அந்தத் தேர்ச்சி இல்லாதவர்கள் முதலில் பயிற்சிப் பள்ளிக்குப் போங்கள்.

பனியே விழாத கெடாவில் இதற்கு எப்படித் தயாராவது என்று கேட்பார்கள். பெரும்பகுதி இங்கேயே முடியும்.

முதலில் கால்கள். பெரார் கணவாய் 2,460 மீட்டர். ல புவே 1,350 மீட்டரை ஒட்டி. இறக்கம் மட்டும் 1,100 மீட்டர். நம் ஜெராய் மலையின் உயரம் 1,217 மீட்டர்! விடியற்காலையில் குருண் பக்கத்துத் தார்ச்சாலையில் முதுகுப்பையோடு ஏறுங்கள். இறங்கும்போது யாருடைய காரிலும் ஏறிக்கொள்ளாதீர்கள். தொடைக்கு வேலை இறக்கத்தில்தான்.

அடுத்தது பீக்கன். பனிச்சரிவில் புதைந்தவரைத் தேட உதவும் இந்தக் கருவி 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. புதைந்தவரை முதல் பத்து, பதினைந்து நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். மீட்புக் குழு வரும்வரை காத்திருக்க நேரம் கிடையாது. கூட வந்தவர்களே தோண்ட வேண்டும். ஆகவே செம்பனைத் தோட்டத்தில் பழகுங்கள். நண்பர் ஒருவர் பீக்கனைப் பையில் சுற்றி, வெட்டிப்போட்ட மட்டை அடுக்குக்குள் ஒளித்து வைக்கட்டும். அம்புக்குறி காட்டும் திசையில் வேகமாக நடங்கள். கருவி காட்டும் தொலைவு மூன்று மீட்டருக்குக் கீழே வந்ததும் வேகத்தைக் குறைத்து, கருவியைத் தரையோடு ஒட்டிப் பிடித்து, குறுக்கும் நெடுக்குமாக நகர்த்தி மிகச் சிறிய எண்ணைக் கண்டுபிடியுங்கள். மலையில் அந்த இடத்திலிருந்து துழாவுகம்பியைச் சரிவுக்குச் செங்குத்தாக, 25 சென்டிமீட்டர் இடைவெளியில், சுருள் வட்டமாகக் குத்திக்கொண்டே போக வேண்டும். உடலில் பட்ட கம்பியைப் பிடுங்கக் கூடாது. அதற்குக் கீழ்ப்புறத்திலிருந்து தோண்ட வேண்டும். தேடும்போது கைப்பேசி பீக்கனிலிருந்து 50 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

மூன்றாவது, பலரும் விட்டுவிடுவது: பனிச்சரிவு அறிக்கை. பிரான்சின் வானிலைத் துறை மலைத்தொடர் வாரியாக இதை அங்கே மாலை நான்கு மணியையொட்டி வெளியிடுகிறது. நமக்கு இரவு பதினொரு மணி. பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பிருந்தே தினமும் படியுங்கள். ஆபத்து 1 முதல் 5 வரை அளக்கப்படுகிறது. அந்த எண்ணைவிட முக்கியம், எந்தத் திசைச் சரிவில், எந்த உயரத்தில், பனிக்கு அடியில் பலவீனமான அடுக்கு இருக்கிறது என்ற விவரம். பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சாய்வில் நிகழ்கின்றன, நாம் ஆசைப்படும் சாய்வும் அதுவே. எண் 3 என்றால் நான் இந்த வழியை விட்டுவிடுவேன்.

அங்கே போனதும் வழிகாட்டியை அமர்த்துங்கள். ஷாமொனி வழிகாட்டிகள் அமைப்பு 1821 முதல் இருக்கிறது. இந்தச் செலவில் சிக்கனம் வேண்டாம்.

காலையில் ஃபிளெஜேர் லிஃப்டில் ஏறி, அங்கிருந்து இண்டெக்ஸ் நாற்காலி லிஃப்ட். இறங்கிய இடத்தில், பிரட்டுக் களத்தில் பேர் வாசிப்பதுபோல, ஒவ்வொருவர் பீக்கனையும் சோதித்த பிறகே நகர வேண்டும். ஸ்கீயின் அடியில் ஸ்கின் ஒட்டுங்கள். பின்னோக்கி வழுக்காமல் பிடிக்கும் ரோமப்பட்டை அது. குதிகாலை விடுவித்து, ஸ்கீயைத் தூக்காமல் பனியோடு இழுத்து நடங்கள். தூக்கி நடப்பவர் அரை மணியில் களைத்துவிடுவார். குரோஷு கணவாய்க்கு ஏற்றம் ஏறத்தாழ 300 மீட்டர். கடைசிப் பகுதி செங்குத்தாக இருப்பதால் ஸ்கீயை முதுகுப்பையில் கட்டி, பூட்ஸ் நுனியால் படி குத்தி ஏற வேண்டிவரும். வெயில் படும் பக்கம் இது, தாமதிக்காதீர்கள்.

ஸ்கின்னைக் கழற்றியதும் பசை பசையோடு ஒட்டும்படி மடித்து, சட்டைக்குள் வயிற்றோடு வையுங்கள். பெரார் கணவாய்க்கு மறுபடி ஏற்றம் இருக்கிறது. குளிர்ந்து விறைத்த பசை அங்கே ஒட்டாது. ஊருக்குத் திரும்பிய பின் அதைக் கார் டிக்கியில் போட்டு வைக்காதீர்கள். நம் வெயிலில் பசை இளகிவிடும்.

பெரார் பள்ளத்தாக்கு வடகிழக்கு பார்த்தது. மற்ற இடங்களில் பனி கெட்டிப்பட்ட பிறகும் இங்கே மாவாக இருக்கும். முழங்கால் வரை பனி சிதற, ஒலியே இல்லாமல் திரும்பித் திரும்பி இறங்கும் இன்பத்துக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும். செங்குத்தான சரிவுகளில் ஒவ்வொருவராக இறங்குங்கள், மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று பார்க்கட்டும். பள்ளத்தாக்கின் அடியில் இருபுறச் சுவர்களிலிருந்தும் பனி விழக்கூடும். படம் எடுக்க அங்கே நிற்க வேண்டாம். கடைசியில் காட்டுக்குள் ஓடையோரமாக ஒடுங்கிய பாதை. வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள்.

ல புவேயிலிருந்து ரயில் ஷாமொனிக்கே திரும்புகிறது. அடிக்கடி வராது, கால அட்டவணையை முந்தைய நாளே பார்த்து வையுங்கள்.