புதிய பாடகரைக் கேட்ட அன்றே எழுதி வையுங்கள்
இசை நிறுவனங்களில் புதிய கலைஞர்களைத் தேடிக் கண்டறியும் ‘ஏ அண்ட் ஆர்’ பணிக்கு முயல்வோர், மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரின் கோயில் திருவிழா மேடையிலோ யூடியூப்பிலோ இன்னும் பெயர் பெறாத ஒருவரைக் கேட்டு வியந்த அன்றே, பாடலின் பெயர், இசைச் செயலியான ஸ்பாட்டிஃபையில் அவருக்கு அன்றிருந்த கேட்போர் எண்ணிக்கை, தம்மைக் கவர்ந்த காரணம் ஆகியவற்றை எழுதித் தமக்கே மின்னஞ்சலாக அனுப்பிக்கொள்ள வேண்டும். ஸ்பாட்டிஃபையின் கலைஞர் பக்கம் பழைய எண்ணிக்கையைக் காட்டாமல் நடப்பு மாதாந்தரக் கேட்போர் எண்ணிக்கையையே காட்டுவதால், அவர் பின்னாளில் புகழ்பெறும்போது, அவரை முன்கூட்டியே இனங்கண்டதற்கு அந்த மின்னஞ்சலின் தேதியே செலவில்லாத சான்றாகும். காரணத்தை ‘நல்ல குரல்’ என்று முடித்துவிடாமல், சொந்தப் பாடலின் எந்த வரியில் கூட்டம் சேர்ந்து பாடியது என்பதுவரை எழுதுவது, எண்ணிக்கையைவிட முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. பிறர் பாடல்களை மட்டுமே பாடுவோரைப் பற்றிய குறிப்புகள் அவ்வளவாக எடுபடா. ஒப்பந்தம், உரிமத்தொகை போன்ற பிரிவுகளுக்கு விண்ணப்பிப்போருக்கு இம்முறை பொருந்தாது.