கிணற்று நீச்சலிலிருந்து நீச்சல் குளத்துக்கு: தொடர்ந்து நீந்தப் பழகுவதற்கான செய்முறை விளக்கம்

வாழப்பாடி, ஆத்தூர்ப் பக்கத்துத் தோப்புக் கிணறுகளிலும், ஓமலூர், தாரமங்கலம் வட்டாரத்துப் பாறைக் கிணறுகளிலும், முதுகில் சுரைக்குடுக்கையோ காலி பிளாஸ்டிக் கேனோ கட்டிக்கொண்டு நீச்சல் பழகியவர்கள் சேலத்தில் ஏராளம். அவர்களில் சிலர், நாற்பது வயதுக்கு மேல் சர்க்கரை அளவுக்காகவோ மூட்டு வலிக்காகவோ மருத்துவர் உடற்பயிற்சி செய்யச் சொன்னதும், நீச்சல்தான் தெரியுமே என்ற நம்பிக்கையோடு 25 மீட்டர் குளத்தில் இறங்கி, பாதித் தூரத்திலேயே மூச்சு வாங்கித் தடக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். வயதை மட்டும் இதற்குக் குறை சொல்ல முடியாது. கிணற்றுக்கு ஆழம் உண்டு, நீளம் கிடையாது. பத்துக் கை போடுவதற்குள் எதிர்ப்புறத்துப் படி வந்துவிடும் என்பதால், தலையைத் தூக்கிக்கொண்டு, மூச்சை அடக்கியபடியே நீந்தினாலும் அங்கே குறை தெரிவதில்லை. குளத்தில் அந்தப் பழக்கம் செல்லாது.

நீளம் நீளமாகத் தொடர்ந்து நீந்துவதற்குக் கை பலத்தைவிட மூச்சும் உடலின் கிடையும்தான் முக்கியம். பக்கத்து ஈரோட்டில் பிறந்த குற்றாலீஸ்வரன் 1994-ஆம் ஆண்டு பாக் நீரிணையை நீந்திக் கடந்தபோது அவருக்கு வயது 12. அந்த வயதுச் சிறுவனின் தோளில் எவ்வளவு பலம் இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தால், தூரம் எதனால் கைகூடுகிறது என்பது விளங்கும். ஆகவே இந்த விளக்கத்தில் மூச்சு முதலிலும், கை கடைசியிலும் வருகிறது. நீச்சலே தெரியாதவர்கள் தகுதியுள்ள பயிற்சியாளரின் மேற்பார்வையில், நெஞ்சளவு ஆழத்துக்கு மேல் போகாமல் இதே வரிசையில் பழகலாம்.

தொடங்கும் முன்

இதய நோய், வலிப்பு, செவிப்பறையில் ஓட்டை, கட்டுப்படாத இரத்த அழுத்தம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், மருத்துவரின் ஒப்புதல் பெற்ற பிறகே இறங்க வேண்டும். உயிர்காப்பாளர் பணியில் இருக்கிற, ஒரு பக்கமாவது நெஞ்சளவு ஆழமுள்ள குளத்தையே தேர்ந்தெடுங்கள். ஏற்காட்டு ஏரி படகு விடுவதற்கான இடம். மேட்டூர் அணையும் அதற்குக் கீழே ஓடும் காவிரியும், எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும், பயிற்சிக்கான இடங்கள் அல்ல. அணையிலிருந்து திறந்துவிடும் நீரின் அளவு மாறும்போது ஆற்றின் வேகமும் ஆழமும் மாறிவிடும்.

ஏப்ரல், மே மாதங்களில் குழந்தைகளுக்கான கோடைப் பயிற்சி முகாம்கள் நடப்பதால் குளங்களில் நிம்மதியாக ஒரு நீளம், அதாவது ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை, நீந்தக்கூட இடம் கிடைப்பது அரிது. பள்ளிகள் திறந்த பிறகு, ஜூன் மாதத்தில் சேருவதே பெரியவர்களுக்கு வசதி. சேலத்து வெயிலுக்கு அஞ்சி எல்லோரும் மாலையில் வருவார்கள் என்பதால் அதிகாலை நேரமே என் பரிந்துரை.

சாமான்கள் அதிகம் தேவையில்லை. கண்ணோடு சரியாகப் பொருந்தும் நீச்சல் கண்ணாடி ஒன்று அவசியம், ஏனென்றால் கண்ணைத் திறந்து அடித்தரையைப் பார்க்க முடியாதவர் தலையைத் தாழ்த்தவே மாட்டார். வாங்கும்போது வாரை மாட்டாமல் கண்ணாடியை மட்டும் கண்குழியில் அழுத்திப் பாருங்கள். கையை எடுத்த பிறகும் ஓரிரு நொடிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்கு ஏற்றது. நைலான் அல்லது பாலியஸ்டர் நீச்சல் உடையும் தலைக்குத் தொப்பியும் போதும். பருத்தி பனியனும் அரைக்கால் சட்டையும் நீரை உறிஞ்சிக் கனத்து உடலை இழுக்கும். தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு வராதீர்கள். இறங்குவதற்கு முன் குளிப்பதைச் சடங்காக நினைக்க வேண்டாம்: குளத்தில் மூக்கைத் துளைக்கும் அந்த நெடி, குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் வினைபுரிந்து உண்டாகும் குளோரமைன்களால் வருவது. கண் எரிச்சலுக்கும் பெரும்பாலும் அதுவே காரணம்.

படி 1: நீருக்குள் மூச்சை விடுதல்

சுவர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சளவு நீரில் நில்லுங்கள். வாயால் மூச்சை இழுத்து, முகத்தை நீருக்குள் வைத்து, மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் குமிழிகள் சீராக வெளியேறும்படி மெதுவாக விடுங்கள். பெரும்பகுதி காற்று வெளியேறியதும் முகத்தைத் தூக்கி, வாயால் ஒரு முறை இழுத்து, உடனே மீண்டும் உள்ளே செல்லுங்கள். நீருக்கு மேலே இழுக்க மட்டுமே வேண்டும், விடக் கூடாது. இதை இருபது முறை இடைவிடாமல் செய்யும்போது படபடப்பு வராமலிருந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

இந்தப் படியைப் பலர் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பாதி நீளத்தில் மூச்சு முட்டுவதற்கான காரணம் இங்கேதான் இருக்கிறது. மூச்சை அடக்கும்போது நமக்கு உண்டாகும் தவிப்பு, பெரும்பாலும் ஆக்சிஜன் தீர்ந்துபோனதால் வருவதில்லை. இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு சேர்வதால் வருகிறது. முகம் நீருக்குள் இருக்கும்போதே காற்றை விடாதவர், தலையைத் தூக்கும் அந்த ஒரு நொடியில் பழைய காற்றை விடவும் புதிய காற்றை இழுக்கவும் முயல்கிறார். இரண்டுக்கும் நேரம் போதாமல், நுரையீரல் பழைய காற்றாலேயே நிறைந்திருக்க, நான்கைந்து கைக்குள் தவித்துப் போகிறார். முதல் வாரம் முழுவதும் இந்த ஒன்றுக்கே போனாலும் நட்டமில்லை. ஒவ்வொரு நாள் பயிற்சியையும் இதிலிருந்தே தொடங்குங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. யார் அதிக நேரம் முங்கி இருப்பது என்ற கிணற்றுப் போட்டியையோ, வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டு உள்நீச்சல் அடிப்பதையோ குளத்துக்குக் கொண்டுவராதீர்கள். அப்படி இழுக்கும்போது கார்பன் டை ஆக்சைடு குறைந்து தவிப்பு எழுவது தாமதமாகிறது. அதற்குள் ஆக்சிஜன் குறைந்து, எந்த அறிகுறியும் இல்லாமல் நீருக்குள்ளேயே நினைவு தப்பிவிடலாம்.

படி 2: உடலை நீட்டிக் கிடத்துதல்

நுரையீரலில் காற்று இருப்பதால் நெஞ்சுப் பகுதி மிதக்கும். எலும்பும் தசையும் நிறைந்த கால்கள் தாழும். தலையைத் தூக்கினால் இடுப்பும் கால்களும் இன்னும் கீழே போகும். பழைய கிணற்று ஏற்றத்தின் ஒரு முனை எழும்போது மறுமுனை தாழ்வது போலத்தான் இதுவும். இடுப்பு தாழ்ந்துவிட்ட உடல் நீரைக் கிழித்துப் போகாமல் தள்ளிக்கொண்டு போகிறது. நீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது என்பதால், இந்தத் தடையை எவ்வளவு பலம் கொண்டு கை போட்டாலும் வெல்ல முடியாது.

சுவரைக் காலால் உந்தி, இரு கைகளையும் காதுகளோடு ஒட்டி முன்னால் நீட்டி, அடித்தரையில் உள்ள கறுப்புக் கோட்டை நேராகப் பார்த்தபடி, அசையாமல் வழுக்கிச் செல்லுங்கள். பார்வை எதிர்ச்சுவருக்குப் போனால் கழுத்து நிமிர்ந்துவிடும். நெஞ்சைச் சற்றே நீருக்குள் அழுத்துவதாக எண்ணிக்கொண்டால் இடுப்பு தானாக மேலே வரும். வேகம் நின்றதும் எழுந்து நில்லுங்கள். ஒரே உந்துதலில் செல்லும் தூரம் நாளுக்கு நாள் கூடுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். கால் வீச்சும் கை வீச்சும் இல்லாமலேயே தூரம் கூடுவதைக் கண்ட பிறகு, தலையைத் தூக்கும் ஆசை பெரும்பாலும் விட்டுப்போகும்.

படி 3: கால் வீச்சு

கால் இடுப்பிலிருந்து வீச வேண்டும், முழங்காலிலிருந்து அன்று. சைக்கிள் மிதிப்பது போல முழங்காலை மடக்கி அடிப்பவர்கள் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். கணுக்கால் தளர்ந்து, விரல்கள் பின்னோக்கி நீண்டிருக்கட்டும். நீர் வானத்துக்குத் தெறிக்க வேண்டியதில்லை. தொடைத் தசைகள் பெரியவை, அவை ஆக்சிஜனைப் பெருமளவு செலவழிக்கும். நெடுந்தூரம் நீந்துபவருக்குக் கால்களின் முதல் வேலை உடலைச் சமநிலையில் கிடத்துவதுதான். மிதவைப் பலகையைப் பிடித்துப் பழகினால், அதன் கீழ் ஓரத்தைப் பிடித்து முகத்தை நீருக்குள் வையுங்கள். தலையை நிமிர்த்திக்கொண்டு பலகையின் மேல் சாய்ந்தால் இரண்டாம் படியில் கற்றது வீணாகும்.

படி 4: பக்கவாட்டில் மூச்செடுத்தல்

ஃப்ரீஸ்டைலில், அதாவது குப்புறக் கிடந்து கைகளை மாற்றி மாற்றிப் போட்டு நீந்துவதில், எல்லோரையும் திணறடிக்கும் இடம் இதுதான் என்பதால் இதற்கு அதிக நாள் ஒதுக்குங்கள். மூச்செடுக்கத் தலையைத் தூக்கக் கூடாது. தோளும் இடுப்பும் ஒன்றாகப் பக்கவாட்டில் உருள, அவற்றோடு சேர்ந்து தலையும் திரும்ப வேண்டும். திரும்பிய நிலையில் ஒரு கண்ணாடி நீருக்குள்ளும் மற்றொன்று வெளியிலும் இருந்தால் கோணம் சரி. முன்னோக்கிச் செல்லும் தலை நீரை ஒதுக்குவதால் கன்னத்தின் அருகே நீர்மட்டம் சற்றுப் பள்ளமாகும். ஆகவே வாயை நாம் நினைப்பது போல் அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுவரத் தேவையில்லை.

ஒரு கையை முன்னால் நீட்டி, மற்றதைத் தொடையோடு ஒட்டிப் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்து, முகம் கீழே பார்க்க, ஆறு முறை கால் வீசுங்கள். பிறகு முகத்தை மட்டும் திருப்பி மூச்செடுத்து மீண்டும் கீழே வையுங்கள். இரண்டு பக்கமும் இப்படியே பழகுங்கள். இது கைவந்த பிறகு, முழுக் கை வீச்சோடு இரண்டு கைக்கு ஒரு மூச்சு என்று தொடங்கலாம். மூன்று கைக்கு ஒரு மூச்சு என்பது இரு தோள்களுக்கும் சமமாக வேலை கொடுக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் தொடக்கத்திலேயே அதற்கு முயன்று மூச்சுப் பஞ்சத்தில் மாட்டிக்கொள்வதை நான் ஆதரிப்பதில்லை.

படி 5: கை

கை, தோளுக்கு நேர் முன்னால் நீரில் இறங்கட்டும். தலைக்கு முன்னே குறுக்காக விழுந்தால் உடல் பாம்பாக நெளியும். இறங்கிய கை முன்னால் நீண்டு, முழங்கை மேலேயே நிற்க, விரல் நுனிகள் தரையை நோக்கித் தாழ்ந்து, உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்து நீரைப் பின்னோக்கித் தள்ள வேண்டும். நீரைக் கீழே அழுத்தினால் உடல் மேலெழும்புமே தவிர முன்னே போகாது. தொடை வரை தள்ளி முடித்த பின், கையைத் தளர்வாக வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். முன்கை வேலை செய்கிறதா என்று அறிய, ஒரு நீளம் விரல்களை மடக்கி முட்டியோடு நீந்திப் பார்த்துவிட்டு, அடுத்த நீளம் விரித்து நீந்துங்கள்.

ஒரு நீளத்துக்கு எத்தனை கை போடுகிறீர்கள் என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். அதே வேகத்தில் எண்ணிக்கை குறைந்தால் நுட்பம் கூடியிருக்கிறது என்று பொருள். கடிகாரத்தைப் பார்ப்பதைவிடத் தொடக்கநிலையில் இந்தக் கணக்கே உண்மை சொல்லும்.

படி 6: தூரத்தைக் கூட்டுதல்

வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் 30 முதல் 40 நிமிடம் வைத்துக்கொள்ளலாம். முதலில் எட்டு நீளம், ஒவ்வொன்றுக்கும் இடையே அரை நிமிட ஓய்வு. சுவரைத் தொட்டதும் ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் வேகம் அதிகம். நடக்கும் வேகத்தில் நீந்தத் தெரியாததுதான் கிணற்று நீச்சல்காரர்களின் பெரிய சிக்கல், அவர்களுக்கு ஓட்டம் மட்டுமே பழக்கம். எட்டு நீளம் எளிதானதும் ஓய்வை இருபது நொடியாகவும் பிறகு பத்து நொடியாகவும் குறையுங்கள். அதன்பின் இரண்டிரண்டு நீளங்களை இணைத்து 50 மீட்டர், நான்கை இணைத்து 100 மீட்டர் என்று போகலாம். ஒரே வாரத்தில் ஓய்வையும் குறைத்துத் தூரத்தையும் கூட்டாதீர்கள். தோள்வலி பெரும்பாலும் அப்படித்தான் தொடங்குகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கின்றன. நீச்சல் மட்டும் அந்தக் கணக்கை நிறைக்காவிட்டால், நடைப்பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளலாம். எடை குறைக்க வந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீந்தி முடித்ததும் பசி கடுமையாக எடுக்கும், குளத்துக்கு வெளியே வந்ததும் தட்டுவடை செட் வண்டி கண்ணில் படும். ஒரு வாழைப்பழத்தைப் பையிலேயே கொண்டுபோவது பாதுகாப்பு.

கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் மல்லாந்து மிதந்து, கால் விரல்களை முழங்காலை நோக்கி இழுத்துப் பிடியுங்கள். காதில் நீர் நின்றால் தலையைச் சாய்த்து வடியவிடுங்கள், பஞ்சுக் குச்சியை விட்டுக் குடையாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இடி கேட்டால் திறந்தவெளிக் குளத்திலிருந்து உடனே வெளியேறுங்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில், சூடாக்கப்படாத விடுதிக் குளங்களின் காலை நீர் சேலத்து நீரைவிட நன்றாகவே குளிரும். திடீரெனக் குதித்தால் மூச்சு தானாக இழுத்துக்கொள்ளும் என்பதால், முகத்தை நனைத்து, படிப்படியாக இறங்கி, மூச்சு சீரான பிறகே நீந்தத் தொடங்குங்கள்.

நானூறு மீட்டர், அதாவது 25 மீட்டர் குளத்தில் பதினாறு நீளம், நிற்காமல் நீந்த முடிந்ததும் மல்லாந்த நீச்சலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃப்ரீஸ்டைலில் மட்டுமே உழைக்கும் தோளின் முன்புறத்துக்கு அது மாற்று வேலை தரும். அதில் எதிர்ச்சுவர் கண்ணுக்குத் தெரியாது என்பதால், போட்டிக் குளங்களில் சுவருக்கு 5 மீட்டர் முன்னால் தலைக்கு மேலே கொடித் தோரணம் கட்டியிருப்பார்கள். அந்தத் தோரணத்தைக் கடந்த பிறகு சுவரைத் தொட எத்தனை கை ஆகிறது என்பதை முதல் நாளே மெதுவாக நீந்தி எண்ணி வைத்துக்கொண்டால், தலை சுவரில் மோதாது.