ரெக்கார்டு பிளேயரில் டோன் ஆர்ம் மாற்றுதல்: துளையிடும் முன் அளக்க வேண்டியவை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் வீட்டில் இப்போது பாடிக்கொண்டிருக்கும் ரெக்கார்டு பிளேயர், ஏற்காட்டில் மாமா வீட்டில் பல ஆண்டுகள் மூடியே கிடந்தது. மலையின் பனிமூட்டமும் ஈரமும் இசைத்தட்டு உறைகளில் பூஞ்சையைப் படியவிட்டதோடு, இசைத்தட்டின் மேல் ஊசியைத் தாங்கிச் செல்லும் கையான டோன் ஆர்மின் பேரிங்குக்குள் துருவையும் ஏற்றியிருந்தன. மோட்டாரும் தட்டு சுழலும் அச்சும் நல்ல நிலையில் இருந்ததால், ஆர்மை மட்டும் கழற்றிவிட்டு, ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய, ரேகா நிறுவனத்தின் ஆர்பி250 ஆர்மைப் பொருத்தினேன். முதன்முறையாக இந்த வேலையில் இறங்குபவர்களுக்காக, நான் செய்த வரிசையிலேயே இதை எழுதுகிறேன்.

முதலில் மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள்

ஆர்மின் தலைப்பகுதியை இரு விரல்களால் மெல்லப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். பேரிங்கில் சிறு 'டக்' என்ற ஆட்டம் தெரிந்தாலோ, எடையைச் சமன்செய்து மிதக்கவிட்ட ஆர்ம் வாயால் ஊதினாலும் நகராமல் ஓரிடத்தில் பிடித்துக்கொண்டாலோ, அந்த ஆர்ம் ஊசியை இசைத்தட்டுப் பள்ளத்தின் நடுவே விடாது. இந்த இரண்டு குறையும் இல்லையென்றால் ஆர்மை விட்டுவிட்டு, நல்ல கார்ட்ரிட்ஜுக்கு (ஊசியின் அதிர்வை மின்குறியாக மாற்றும், ஆர்மின் முனையில் மாட்டும் சிறு பாகம்) செலவழிப்பதே சரி என்பது என் கருத்து. பெட்டி வடிவில் மூடித் திறக்கும் பிளாஸ்டிக் பிளேயர்களில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். அவற்றின் மேல்தட்டு நல்ல ஆர்மின் எடையை உறுதியாகத் தாங்காது.

ஆர்மும் கார்ட்ரிட்ஜும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஊசியைத் தாங்கும் நுண்தண்டு ஒரு சுருள்வில்லைப் போலவும், ஆர்மின் நிறை அதில் தொங்கும் எடையைப் போலவும் நடந்துகொள்வதால், இரண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் தானாக ஆடும். அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருப்பது நல்லது. அதற்குக் கீழே போனால் வளைந்த தட்டின் ஏற்ற இறக்கமே ஆர்மை ஆட்டிவிடும்; மேலே போனால் பாட்டின் அடிநாதத்தைத் தொடும். ஆர்மின் பயனுறு நிறை (ஆர்ம் அசையும்போது ஊசி உணரும் நிறை), கார்ட்ரிட்ஜின் எடை, திருகுகளின் எடை மூன்றையும் கிராமில் கூட்டி, அதைக் கார்ட்ரிட்ஜின் கம்ப்ளயன்ஸ் எண்ணால் (நுண்தண்டு எவ்வளவு எளிதில் வளைகிறது என்பதைக் காட்டும் எண்) பெருக்கி, வரும் எண்ணின் வர்க்கமூலத்தால் 159-ஐ வகுத்தால் அந்த அதிர்வெண் கிடைக்கும். என் ஆர்முக்கு ஏறத்தாழ 11 கிராம், ஆர்டோஃபான் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜுக்கு 7.2 கிராம், திருகுகளுக்கு 1 கிராம், கம்ப்ளயன்ஸ் 20. விடை 8 ஹெர்ட்ஸைச் சற்றுத் தாண்டுகிறது. விளிம்பில்தான் இருக்கிறது, ஆனாலும் போதும். டெனான் டிஎல்-103 போன்ற விறைப்பான கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் கனமான ஆர்மைத் தேட வேண்டும்.

222 மில்லிமீட்டர்

மொத்த வேலையும் இந்த ஓர் அளவில்தான் நிற்கிறது. தட்டின் நடு அச்சுக்கும் ஆர்ம் திரும்பும் மையத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்பதை ஆர்மைச் செய்தவர்களே வரையறுத்திருப்பார்கள். ரேகாவின் 9 அங்குல ஆர்ம்களுக்கு அது 222 மி.மீ. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 பிளேயரில் உள்ள ஆர்முக்கு அது 215 மி.மீ. ஆகவே ஓர் ஆர்முக்காகப் போட்ட துளையில் இன்னோர் ஆர்மை அப்படியே வைக்க முடியாது. ஆர்மைத் தாங்கும் பலகை தனியாகக் கழன்று வரும் பிளேயராக இருந்தால் வேலை எளிது. பழைய பலகையைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, அதே வடிவில் புதியதைத் தச்சரிடம் செய்துகொள்ளலாம். நான் 18 மி.மீ. பிளைவுட்டில் செய்தேன்.

ஸ்கேலை நடு அச்சின் ஓரத்தில் வைத்து அளந்தால், அச்சின் பாதி விட்டமான மூன்றரை மில்லிமீட்டருக்கு மேல் பிசகிவிடும். அதனால் கெட்டியான அட்டையில் ஒரு விரல் அகலத்துக்கு நீண்ட பட்டை ஒன்றை வெட்டி, அதன் ஒரு முனையில் நடு அச்சு இறுக்கமாக நுழையும்படி துளையிடுங்கள். அந்தத் துளையின் மையத்திலிருந்து 222 மி.மீ. தள்ளி ஒரு குண்டூசியைக் குத்துங்கள். பட்டையை அச்சில் மாட்டி மெல்லச் சுற்றினால், குண்டூசி முனை பலகையின் மேல் ஒரு வில்லைக் கீறிச் செல்லும். அந்தக் கோட்டின் எந்தப் புள்ளியும் சரியான தூரத்தில்தான் இருக்கிறது. எந்தப் புள்ளியில் துளையிட்டால் பின்பக்க எடை பெட்டிச் சுவரில் இடிக்காது, மூடி தடையின்றி மூடும், ஆர்ம் தட்டின் உட்பகுதிவரை தாராளமாகப் போய்வரும் என்பதை ஆர்மை அந்தந்த இடத்தில் பிடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். இதற்கு ஒரு மாலை முழுவதும் போனாலும் தகும்.

முதல் பலகையில் நான் குறியைச் சரியாகவே வைத்தேன்; ஆனால் வழிகாட்டித் துளை போடாமல் நேரடியாகப் பெரிய ஹோல் சா பிளேடை இறக்கியதால், அது வழுக்கி ஏறத்தாழ 2 மி.மீ. தள்ளி இறங்கிவிட்டது. ஆர்மைப் பொருத்த முடிந்தது. ஆனால் அந்தப் பிழையை ஈடுகட்ட முயன்றபோது கார்ட்ரிட்ஜ், அதை முன்பின் நகர்த்தித் திருகும் காடியின் கடைசி விளிம்புக்கே போய்விட்டது. இரண்டாவது பலகையில் ஆணியால் சிறு குழி தட்டி, 3 மி.மீ. பிட்டால் வழிகாட்டித் துளை போட்டு, அதன்பின் பெரிய துளையைப் போட்டேன். பெரிய துளையின் அளவை, ஆர்மின் அடித்தண்டை வெர்னியர் காலிப்பரால் அளந்து முடிவு செய்யுங்கள். பிற்கால ரேகா ஆர்ம்கள் மூன்று திருகுகளில் நிற்பவை. ஒற்றை நட்டுள்ள பழைய ஆர்முக்கான இந்த முறை அவற்றுக்கு அப்படியே பொருந்தாது.

பொருத்துவதும் கம்பிகளும்

பிளேயர் நிற்கப்போகும் இடத்திலேயே அதை வைத்து, கொத்தனார்கள் பயன்படுத்தும் ரசமட்டத்தைத் தட்டின் மேல் இரு திசைகளிலும் வைத்துப் பாருங்கள். மட்டம் சரியான பிறகு ஆர்மை நிறுத்தி, அடியில் உள்ள நட்டைக் கையால் இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் கூட்டுங்கள்.

ஆர்மின் முனையில் நான்கு நிறக் கம்பிகள் இருக்கும். வெள்ளை இடது பக்க நேர்முனை, நீலம் இடது பக்க எதிர்முனை. சிவப்பு வலது பக்க நேர்முனை, பச்சை வலது பக்க எதிர்முனை. கார்ட்ரிட்ஜை மாட்டும் முன்பே மல்டிமீட்டரால் ஒவ்வொரு கம்பியும் மறுமுனைவரை தொடர்கிறதா என்று சோதித்துவிடுங்கள். மாட்டிய பின் சோதித்தால் மீட்டரின் மின்னோட்டம் கார்ட்ரிட்ஜின் நுண்சுருள்களுக்குக் கெடுதல் செய்யக்கூடும். கம்பி முனைகளில் உள்ள கிளிப்புகளைக் கார்ட்ரிட்ஜின் ஊசிக்கால்களில் செருக, கொலுசுப் பட்டறைகளில் சலங்கை மணிகளை எடுக்கும் நுனி மெலிந்த சாமணத்தைவிடத் தோதான கருவியை நான் கண்டதில்லை. கிளிப்பை மட்டும் பிடிக்க வேண்டும்; கம்பியைப் பிடித்து இழுத்தால் அது அறுந்துவிடும். ஊசிக்கால்களின் மேல் நேரடியாக ஈயம் வைக்கவே கூடாது.

வெள்ளிக்கடைத் தராசு

ஊசி தட்டின் மேல் எவ்வளவு எடையோடு அமர வேண்டும் என்பதைக் கார்ட்ரிட்ஜ் செய்தவர்கள் சொல்லியிருப்பார்கள். 2எம் ரெட்டுக்கு அது 1.8 கிராம். பின்பக்க எடையை நகர்த்தி ஆர்மைக் கிடைமட்டமாக மிதக்கவிட்டு, அங்கிருந்து எடையைச் சிறிது சிறிதாக முன்னே கொண்டுவர வேண்டும். ஆர்பி250-இல் எண்கள் பொறித்த சக்கரம் இல்லாததால் தராசு கட்டாயம் வேண்டும். சேலத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. கொலுசுப் பட்டறைகளில் 0.01 கிராம்வரை காட்டும் சிறிய மின்தராசுகளே புழங்குகின்றன. நானும் தெருமுனைப் பட்டறையில் ஒன்றை ஒரு மணி நேரத்துக்கு இரவல் வாங்கித்தான் செய்தேன்.

இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். தராசின் தட்டு எஃகாக இருந்தால் கார்ட்ரிட்ஜுக்குள் உள்ள காந்தம் அதை இழுத்து, அளவைப் பொய்யாக்கும். அதனால் ஒரு தடித்த பிளாஸ்டிக் துண்டைத் தராசின் மேல் வைத்து, பூஜ்யமாக்கிவிட்டு, அதன்மேல் ஊசியை இறக்குங்கள். அடுத்தது உயரம். இசைத்தட்டின் மேற்பரப்பு எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்தில்தான் ஊசி தராசைத் தொட வேண்டும். தராசு உயரமாக இருந்தால், சுழலும் தட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் தராசை வைத்து, அடியில் அட்டைகளை அடுக்கிச் சரிசெய்யலாம். ஊசி இறங்கியதும் எண்கள் 1.7, 1.9 என்று தள்ளாடி, மூச்சை அடக்கி நின்றால் மெல்ல நிலைக்கும். 1.80 என்று நின்ற பிறகும் ஒருமுறை தூக்கி இறக்கிப் பாருங்கள்.

கோணம், உயரம், பக்க இழுவை

ஊசியை நேராக்குவதற்கான வரைபடத்தை அச்செடுக்கும்போது, தாளுக்கு ஏற்பச் சுருக்கும் வசதியை நிறுத்திவிட வேண்டும். அச்சான தாளில் 100 மி.மீ. என்று குறித்த கோட்டை இரும்பு ஸ்கேலால் அளந்து பார்க்காமல் அந்தத் தாளை நம்ப வேண்டாம். பரவலாகப் பயன்படும் பேர்வால்ட் முறையில், நடு அச்சிலிருந்து 66 மி.மீ. மற்றும் 120.9 மி.மீ. தொலைவில் உள்ள இரு புள்ளிகளிலும் கார்ட்ரிட்ஜ் கட்டங்களுக்கு இணையாக நிற்க வேண்டும். ரேகாவின் சொந்த அளவு தட்டின் உள்பகுதிக்குச் சாதகமான வேறு புள்ளிகளைக் கொண்டது என்பதால், அவர்களுடைய வரைபடமும் இதுவும் ஒத்துப்போகாது. ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள். கார்ட்ரிட்ஜை நகர்த்திய பின் ஊசியின் எடையை மீண்டும் பார்க்க வேண்டும்.

தட்டின் மேல் ஊசி அமர்ந்திருக்கும்போது ஆர்ம் குழாய் தட்டுக்கு இணையாகத் தெரிந்தால் உயரம் சரி. பின்பக்கம் தாழ்ந்திருந்தால் ஆர்மின் அடியில் வாஷர் வையுங்கள், 4 மி.மீ. உயர்த்தினால் ஊசியின் சாய்வு 1 பாகைதான் மாறும் என்பதால், காகித அளவு வித்தியாசங்களுக்காக அல்லல்பட வேண்டாம்.

தட்டு சுழலும்போது ஆர்ம் உட்பக்கமாக இழுபடும். அதை எதிர்க்கும் பக்க இழுவையை (ஆன்டி-ஸ்கேட்) ஊசியின் எடைக்குச் சமமான எண்ணில் வைத்துத் தொடங்குங்கள். இசைத்தட்டுப் பக்கத்தின் கடைசிப் பாட்டில் வலது ஒலிபெருக்கியில் மட்டும் 'ஸ', 'ச' ஒலிகள் பிசிறடித்தால் அதைச் சற்றுக் கூட்டுங்கள். இடதில் மட்டும் பிசிறடித்தால் குறையுங்கள். உறுமல் ஒலி கேட்டால் தரைக் கம்பியைப் பாருங்கள்.

சேலத்தில் பல பழைய வீடுகளின் பரண்களில், டி. ஆர். சுந்தரம் 1935-இல் இங்கு நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களின் 78 வேகத் தட்டுகள் இருக்கக்கூடும். புதிய ஆர்மின் மகிழ்ச்சியில் அவற்றை எடுத்து இந்த ஊசியில் வைத்துவிடாதீர்கள். அவற்றின் பள்ளம் அகலமானது, அதற்கென்று பருத்த ஊசி தனியே உண்டு. முதலில் வைக்க வேண்டியது, உங்களுக்கு ஒவ்வொரு மூச்சும் மனப்பாடமான ஒரு எல்பி தட்டு. நான் மாமாவின் சேகரிப்பில் பூஞ்சை துடைத்த தட்டு ஒன்றை வைத்தேன். முன்பு கடைசிப் பாட்டில் கரகரத்துப் போகும் குரல், இந்த முறை கடைசி வரிவரை தெளிவாக இருந்தது.