கண்மாய்க்கரைக்கு ஒரு சைக்ளோகிராஸ்: குறைந்த செலவில் முதல் சைக்கிள் வாங்க

சைக்ளோகிராஸ் (மண், சேற்றுத் தடங்களில் ஓட்டும் சைக்கிள் பந்தயம்) என்று பெயர் எழுதிய சைக்கிளைத் தேடி மதுரைக் கடைகளில் அலைய வேண்டாம். மண், ஜல்லிச் சாலைக்கான கிராவல் சைக்கிளோ, சஸ்பென்ஷன் இல்லாத போர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் கவை) உள்ள, 700சி அளவுச் சக்கரமும் நேரான ஹேண்டில்பாரும் கொண்ட ஹைபிரிட்டோ போதும். சர்வதேசப் போட்டி விதிப்படி டயர் 33 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. நாகமலை அடிவாரத் தடத்தில் அளந்து பார்க்க நடுவர் வரப்போவதில்லை. 35 முதல் 40 வரை போடுங்கள்.

கடைக்குப் போகும்போது 6 மி.மீ. ஆலன் கீ ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். டயருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே, பின்னால் செயின் ஸ்டேயிலும் (பின் சக்கரத்துக்குப் போகும் கீழ்க்குழாய்கள்) முன்னால் போர்க்கிலும், இரு பக்கமும் அது தாராளமாக நுழைய வேண்டும். செம்மண் ஓட ஓட உதிர்ந்துவிடும். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் அப்படியில்லை. ஐப்பசி மழையில் நனைந்தால் அப்பி அப்பிச் சக்கரத்தையே நிறுத்திவிடும். அப்போதும் விடாமல் மிதித்தால் செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் டீரெயிலரைத் தாங்கும் ஹேங்கர் ஒடியும். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் அதன் வடிவம் மாறும் என்பதால், வாங்கும்போதே உபரியாக ஒன்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது பின் ஹப், அதாவது பின் சக்கரத்தின் நடுப்பகுதி. விலை குறைந்த சைக்கிள்களில் அதில் திருகி மாட்டும் பற்சக்கரத் தொகுதியான பிரீவீல் இருக்கும். இந்த வகையில் வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால் மேடுபள்ளத்தில் ஆக்சில் (அச்சு) வளையும், முறியும். கண்டுபிடிக்க, பற்சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். டூல் மாட்டும் நடுப்பள்ளம் அசையாமல் நின்றால் பிரீவீல். பற்களோடு சேர்ந்து சுற்றினால் ஹப்பின் மேல் சொருகும் வகையான கேசட். கேசட்டையே எடுங்கள்.

கியருக்கு ஷிமானோ நிறுவனத்தின் க்ளாரிஸ் 8 ஸ்பீடு (பின்னால் 8 பற்சக்கரம்) போதும்; அதன் செயினும் மலிவு. முன்னால் 34 பல், பின்னால் பெரியது 34 பல் என்றால் அழகர்மலை ஏற்றத்திலும் முழங்கால் பிழைக்கும்.

பிரேக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கீழ்நோக்கி வளைந்த டிராப் ஹேண்டில்பாரின் லீவர் இழுக்கும் கேபிள் அளவு குறைவு. அதோடு ரிம்மை இரு பக்கமும் கவ்வும் சாதாரண வி-பிரேக்கை மாட்டிக் கொடுத்தால் லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டாலும் சக்கரம் நிற்காது. கேபிளில் இயங்கும் மெக்கானிக்கல் டிஸ்க் பிரேக்கிலும் டிராப் பார் லீவருக்கானதா என்று கேளுங்கள். ஹைபிரிட்டை வாங்கி டிராப் பாருக்கு மாற்றுவது வீண் செலவு. லீவர், ஷிஃப்டர் எல்லாம் மாறும்.

பழைய சைக்கிள் என்றால் செயினில் ஊசிக்கு ஊசி 24 இடைவெளிகளின் மொத்த நீளத்தை ஸ்கேலால் அளங்கள். புதிதில் 304.8 மி.மீ. இருக்கும். 307ஐத் தாண்டினால் கேசட்டும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்; அந்தச் செலவை விலையில் கழியுங்கள். சீட் போஸ்ட் ஏறி இறங்குகிறதா, வீல் கோட்டம் உண்டா, வெல்டு ஓரத்தில் பெயின்ட் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். இறுகிப்போன சீட் போஸ்ட்டை மட்டும் ‘எண்ணெய் விட்டால் வந்துவிடும்’ என்ற பேச்சை நம்பி வாங்காதீர்கள்.

65 கிலோ எடைக்காரர் 38 மி.மீ. டயரில் முன்னால் 40, பின்னால் 45 பி.எஸ்.ஐ. காற்று வைக்கலாம். ட்யூபில் அருகருகே இரண்டு ஓட்டை என்றால் காற்று குறைவு, கல்லில் நசுங்கியிருக்கிறது. ஒற்றை ஓட்டை பெரும்பாலும் சீமைக்கருவேல முள். புது ட்யூப் போடுமுன் டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்து, முனை மாட்டுகிறதா பாருங்கள்.