லேக் டாஹோவில் ஆர்.வி. போட்டுத் தங்க: முதல் தடவை போகிறவர்களுக்கு

கலிபோர்னியா, நெவாடா எல்லையில் இருக்கும் லேக் டாஹோ ஏரிக்குத்தான் என்று முடிவானதும் எல்லாரும் முதலில் செய்வது போட்டோ பார்ப்பதுதான். எந்தக் கரையில் தண்ணீர் நல்ல நீலம், எங்கே மணல், எங்கிருந்து பார்த்தால் எமரால்டு பே முழுசாகத் தெரியும் என்று ஒரு வாரம் ஓடிவிடும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஏரி எங்கேயும் போய்விடாது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பார்க்க வேண்டியது உங்கள் ஆர்.வி., அதாவது படுக்கை, அடுப்பு, கழிப்பறையோடு வரும் வீட்டு வண்டி, எத்தனை அடி நீளம், அதன் தொட்டி எத்தனை கேலன் பிடிக்கும் என்பதைத்தான்.

1. வண்டியை முடிவு செய்யுங்கள், அப்புறம் இடம்

குழந்தைகளோடு முதல் தடவை போகிறவர்களுக்கு கிளாஸ் சி வண்டி சரியாக இருக்கும். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருக்குமே, அதுதான். கலிபோர்னியாவில் கார் ஓட்டும் சாதாரண லைசென்ஸே இதற்குப் போதும். 25 அடிக்கு மேல் போகாதீர்கள். ஏனென்றால் ஏரியைச் சுற்றியுள்ள முகாம்களில் ஒவ்வொன்றும் ஒரு அளவு வைத்திருக்கிறது. டி.எல். பிளிஸ் ஸ்டேட் பார்க்கில் 18 அடிக்கு மேற்பட்ட மோட்டார் ஹோமுக்கு இடமில்லை, சுகர் பைன் பாயின்ட்டின் ஜெனரல் கிரீக் முகாமில் 32 அடி வரை விடுகிறார்கள். முகாமுக்குப் பொதுவாக ஒரு அளவு இருந்தாலும் ஒவ்வொரு இடத்துக்கும் தனி நீளம் உண்டு, அதையும் திறந்து பாருங்கள். பின்னால் சைக்கிள் மாட்டினால் அதையும் சேர்த்து அளக்க வேண்டும். நாங்கள் அதை மறந்துபோய், பின்பக்கம் பைன் மரத்தில் இடிக்க முன்மூக்கு பாதையில் நீட்டிக்கொண்டு நிற்க, இருட்டில் சைக்கிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றினோம்.

2. ஆறு மாதம் முன்னால் அலாரம்

ஸ்டேட் பார்க் இடங்களுக்கு ரிசர்வ் கலிபோர்னியா தளம். ஆறு மாதம் முன்னால், காலை 8 மணிக்குத் திறக்கும். ஜூலை 18 வேண்டுமென்றால் ஜனவரி 18 அன்று 7:50-க்கே லாகின் செய்து உட்காருங்கள். ஃபாலன் லீஃப் முகாம் வனத்துறையுடையது, அதற்கு ரெக்ரியேஷன் டாட் கவ். வெள்ளி, சனி கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு முதல் புதன் வரை என்று கேட்டால் ஏதாவது தட்டுப்படும். பராமரிப்புக்காகச் சில முகாம்களை ஒரு சீசன் முழுக்க மூடிவிடுவதும் உண்டு, அறிவிப்பைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

3. ஹூக்கப் வேண்டுமா?

கரண்ட், தண்ணீர், கழிவுநீர்க் குழாய் மூன்றும் இடத்திலேயே இருந்தால் ஃபுல் ஹூக்கப். நெவாடா பக்கம் செஃபர் கோவ், தெற்கே டாஹோ வேலி போன்ற இடங்களில் இது உண்டு, வாடகையும் அதற்கேற்ப. மேலே சொன்ன ஸ்டேட் பார்க், வனத்துறை முகாம்களில் கிடையாது. அங்கே விளக்கும் தண்ணீர் பம்பும் பேட்டரியில் ஓடும், ஏ.சி.க்கும் மைக்ரோவேவுக்கும் ஜெனரேட்டர் வேண்டும். ஸ்டேட் பார்க்கில் ஜெனரேட்டரைக் காலை 10 முதல் இரவு 8 வரைதான் போடலாம். டாஹோவில் ஜூலையிலும் ராத்திரி 5 டிகிரி செல்சியஸுக்குப் போகும். ஹீட்டர் கேஸில் எரிந்தாலும் அதன் விசிறி பேட்டரியைத்தான் குடிக்கும். அதனால் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை ஜெனரேட்டரை ஓடவிட்டு பேட்டரியை நிரப்பிவிடுங்கள்.

ஹூக்கப் இருந்தாலும் ஒரு கணக்கு உண்டு. 30 ஆம்ப், 120 வோல்ட் என்றால் மொத்தம் 3,600 வாட். இண்டக்ஷன் அடுப்பு மட்டுமே 1,800 வாட் இழுக்கும். மேலே ஏ.சி. ஓடும்போது அதில் சாம்பாரை வைத்துவிட்டு யாராவது ஹேர் டிரையரையும் போட்டால் 'டப்'. பிரேக்கர் பெட்டி எங்கே இருக்கிறது என்று வண்டி வாங்கும்போதே கேட்டு வையுங்கள்.

4. தண்ணீர்க் கணக்கு

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். வண்டியில் மூன்று தொட்டி: நல்ல தண்ணீர், குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர் போகும் கிரே டேங்க், கழிப்பறைக்கு பிளாக் டேங்க். ஷவரில் நிமிஷத்துக்கு 2 கேலன் என்று வைத்தாலும் ஐந்து நிமிஷக் குளியலுக்கு 10 கேலன், நாலு பேர் குளித்தால் 40. நடுத்தர வண்டியின் தொட்டியே கிட்டத்தட்ட அவ்வளவுதான்! உடம்பை நனைத்து, குழாயை மூடி, சோப்புப் போட்டு, மறுபடி திறந்து குளிக்கப் பழக்குங்கள். முகாமில் காசு போட்டுக் குளிக்கும் அறை இருந்தால் இன்னும் நல்லது. குழம்புத் தட்டை முதலில் பேப்பரால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். கிரே தண்ணீர்தானே என்று மரத்தடியில் ஊற்றக் கூடாது, அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த வாசனைக்கே கரடி வரும்.

கிரே, பிளாக் தொட்டிகளைக் காலி செய்வது அதற்கென்றே இருக்கும் டம்ப் ஸ்டேஷனில். கையுறை போட்டுக்கொண்டு, பிளாக் முதலில், கிரே பிறகு. அப்போதுதான் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். ஃபுல் ஹூக்கப்பில் நிற்கும்போது பிளாக் வால்வைத் திறந்தே விடாதீர்கள். தண்ணீர் மட்டும் ஓடிப்போய் மற்றது தொட்டியிலேயே காய்ந்து நிற்கும், அதை எடுப்பது பெரும்பாடு.

5. சமையலும் கரடியும்

ஏரி இருப்பது சுமார் 6,225 அடி உயரத்தில். அங்கே தண்ணீர் 94 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே தவிர துவரம்பருப்பு வேகாது. திறந்த பாத்திரத்தில் முக்கால் மணி நேரம் வைத்தும் நறுக்கென்று இருக்கும். குக்கர் கட்டாயம், வீட்டில் மூன்று விசில் என்றால் இங்கே ஐந்து வையுங்கள்.

வாசனை உள்ள எதையும் ராத்திரி வெளியில் வைக்கக் கூடாது. சாம்பார் பொடி, ஊறுகாய், டூத் பேஸ்ட், குழந்தை லோஷன், ஐஸ் பெட்டி எல்லாமே இதில் அடக்கம். முகாம்களில் இரும்புக் கரடிப் பெட்டி இருக்கும். கூடவே காரும் வந்திருந்தால் அதில் உணவு வைக்கவே வேண்டாம், டாஹோக் கரடிகளுக்குக் கார் கதவைத் திறக்கத் தெரியும். பின்சீட்டில் சிந்திய முறுக்குத் தூளைக்கூடத் துடைத்துவிடுங்கள்.

6. ஏரியில் இறங்கும்போது

ஆகஸ்டில்கூட மேல் தண்ணீர் 20 டிகிரியைச் சுற்றித்தான். ஜூனில் இன்னும் குளிரும், சட்டென்று குதித்தால் மூச்சு அடைக்கும். குழந்தைகளைக் காலை நனைத்து, மெதுவாக இறக்குங்கள். கயாக் என்றால் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள், மதியத்துக்கு மேல் காற்று எழுந்து அலை அடிக்கும். படகில் 13 வயதுக்குட்பட்டவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் சட்டப்படி கட்டாயம். பெரியவர்களும் போடுங்கள், நீச்சல் தெரியும் என்ற பேச்செல்லாம் இந்தக் குளிரில் எடுபடாது.

7. கிளம்பும்போது

யு.எஸ். 50 நெடுஞ்சாலை வழியாக இறங்கினால், வழியில் வரும் எக்கோ சம்மிட் கணவாய் 7,382 அடி. அங்கிருந்து இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து இறங்குங்கள். அதற்கு முன்னால், சாவி போடுவதற்கு முன்னாலேயே, வண்டியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள்: படிக்கட்டு மடக்கியாயிற்றா, கரண்ட் கம்பி கழற்றியாயிற்றா, கூரை ஜன்னல் மூடியாயிற்றா, சக்கரக்கட்டை எடுத்தாயிற்றா. கடைசியாகக் கரடிப் பெட்டியைத் திறந்து உள்ளே கையை விட்டுத் துழாவுங்கள். எங்கள் குக்கர் வெயிட் அதற்குள்ளேதான் இருந்தது என்பது சாக்ரமென்டோ வந்த பிறகுதான் தெரிந்தது.